சூளைக் கதவுக்கு முன்னால் ஒரு கேள்வி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் நான் நம் யூனிட்டுப் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "ஐயா, செல்வி மேடம் சூளைக் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிறுத்தி வச்சு, 'யாருக்காச்சும் எங்கயாச்சும் போவணுமா?'ன்னு கேக்குறாங்களே, எதுக்கு?" கேட்டுவிட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். மேடத்துக்கு நம்மேல் ரொம்ப அக்கறையாம். அக்கறைதான், ஆனால் உங்கள்மேல் இல்லை, உள்ளே இருக்கும் பீங்கான்மேல். அந்தக் கேள்வி பிறந்த கதையில் ஒரு முட்டாள் வருகிறான். அவன் யார் என்று நான் சொல்லாவிட்டால் டீ கொண்டுவரும் அக்கா சொல்லிவிடுவார். அவர் சொன்னால் கதை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றவன் எழுதுகிறான், சூட்டை எப்படி ஏற்றுவது, மெருகை எப்படிக் கலப்பது என்று ஏதாவது சொல்வான் என எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே வருகிறது. உங்கள் போனில் வராத ஒன்றில்தான் எனக்கு நல்ல தேர்ச்சி. என்னை நானே எப்படி ஏமாற்றிக்கொள்வது என்பதில்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். பெரும்பாலும் சூளைப் பொறுப்பு. மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர்தான் நம் யூனிட்டின் சோறு. எஸ்டேட்டில் எனக்கு இரண்டு பெயர் இருந்தது. ஒன்று, லீவே எடுக்காத சவரிமுத்து. இன்னொன்று, தாழ்ச்சியான சவரிமுத்து. தாழ்ச்சி என்பது எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் புழங்கும் சொல். பணிவு, அடக்கம், தன்னைப் பெரிதாக நினைக்காத குணம் எல்லாம் அதில் அடக்கம். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அதை ஒரு புண்ணியம் என்று மனப்பாடம் செய்வோம். நான் அந்த வகுப்பில் முதல் பரிசு வாங்கியவன். பரிசு வாங்கியதைச் சொல்லும்போதே நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டீ வந்தால் நான் கடைசியில்தான் நிற்பேன். கடைசியில் நிற்பது சும்மா இல்லை, அதற்குத் தனித் திறமை வேண்டும். நமக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிட்டால் "நீங்க மொதல்ல போங்க" என்று அவரை முன்னால் அனுப்பி, அதைக் குறைந்தது நான்கு பேராவது பார்க்கும்படி செய்ய வேண்டும். ஒருநாள் என் முறை வந்தபோது கேனில் டீ தீர்ந்தே போனது. அந்த ஒரு டம்ளர் டீ கிடைக்காத பெருமையில் நான் ஒரு வாரம் ஓட்டினேன். சூளை நன்றாக வெந்து வந்தால் "எல்லாம் ஆண்டவர் செயல்" என்பேன். சரியாக வராவிட்டால் "லோடிங் சரியில்ல" என்பேன். நல்லதற்கு ஆண்டவர், கெட்டதற்குக் கூலியாள் என்று ஏற்பாடு செய்துகொண்டதில், நடுவில் இருந்த நான் எப்போதும் சுத்தமாக இருந்தேன்.

லோடிங் பார்த்தவர்தான் கலைச்செல்வி. இன்று நீங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட, கிடைத்த பணத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு இங்கே வந்தார். இன்னும் வேகாத பச்சைப் பீங்கானைச் சூளைத் தட்டில் ஒன்றோடு ஒன்று உரசாமல், சாயாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். அவர் அடுக்கியதில் ஒன்றுகூடச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து யூனிட்டுக்காரர்கள் அவரை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் கைக்கு எஸ்டேட்டில் அப்படி ஒரு பெயர்.

இனி பெரிய வியாழனுக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் கோயில் பொறுப்பிலுள்ள பாதிரியார், நாங்கள் பங்குக் குருவானவர் என்போம், பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, மண்டியிட்டு, அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பெரியவன் சின்னவனாகக் குனிவதைக் காட்டும் சடங்கு. எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக வருவதற்கு நடக்கும் போட்டியைப் பார்த்தால், குனிகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் நிமிர்ந்துதான் இருப்பார்கள். நான் ஒருநாளும் என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும்படி மட்டும் பார்த்துக்கொண்டேன். பல வருடம் கழித்து, அந்த வியாழனுக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று என் பெயரைப் பட்டியலில் வாசித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் காலைப் பார்த்தேன். சூளை முன்னால் முப்பது வருடம் நின்ற கால். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைப் பொடி. இந்தக் காலையா குருவானவர் கையில் கொடுப்பது என்று தோன்றியது. அன்று தொடங்கி நான்கு நாள் வெந்நீர், எலுமிச்சம்பழம், தேய்க்கிற கல், தேங்காயெண்ணெய். என் வீட்டுக்காரி மேரி அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஃபாதர் கழுவறதுக்கு முன்னாடியே நீங்க கழுவிட்டா, அவரு வந்து எதக் கழுவுவாரு?"

"மரியாதக்குடி."

"யாருக்கு மரியாத?"

கல் தேய்க்கும் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சூளையில் ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. சனிக்கிழமை லாரி வரும். புதன்கிழமை நெருப்பை நிறுத்தியாயிற்று. சூடு மெல்ல இறங்கி வெள்ளிக்கிழமைதான் கதவைத் திறக்க வேண்டும். சாவி என்னிடம். வெள்ளிக்கிழமையோ புனித வெள்ளி. அன்று வேலைக்கு வந்தால் கோயிலில் என்னைத் தேடுவார்கள். முதல்நாள் கால் கழுவப்பட்டவன் மறுநாள் சிலுவைப்பாதை வழிபாட்டில் இல்லை என்றால் என்ன பேச்சு வரும்? வராமல் இருக்க லீவு கேட்க வேண்டும். லீவு கேட்டால் லீவே எடுக்காத சவரிமுத்து செத்துப்போவான். இரண்டு சவரிமுத்துகளையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. வியாழக்கிழமையே கதவைத் திறந்து ஆறவைத்துவிடுவது. சூளையில் வேலை இல்லாத நாளில் சூளைக்காரன் வராவிட்டால் அது லீவில் சேராது.

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மீட்டர் முந்நூறு டிகிரிக்கு மேல் காட்டியது. நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல் கதவைத் தொடக்கூடாது என்பது நான்தான் பெயின்ட் அடித்துச் சுவரில் எழுதிவைத்த சட்டம். கதவை ஒரு சாண் திறந்தேன். எதிரே பெரிய மின்விசிறியை இழுத்துப் போட்டேன். அடுத்த லோடுக்குத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வி எழுந்து வந்தார்.

"அண்ணே, இன்னும் சூடு நெறைய இருக்குது. நாளைக்குத் தொறந்துக்கலாமே. வேணும்னா நான் வந்து நிக்கிறேன்."

"நீ ஒன் லோடிங்கப் பாரும்மா. சூளைய நான் பாத்துக்குறேன்." குரலை மட்டும் மெதுவாக வைத்துக்கொண்டேன், தாழ்ச்சி கெடக் கூடாதல்லவா.

வண்டியை உதைக்கும்போது உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. டிங். கொஞ்சம் கழித்து இன்னொரு டிங். வெந்த பீங்கானில் குளிர்காற்று பட்டு விரிசல் விடும் சத்தம். எத்தனை வருட அனுபவசாலி நான்! கதவின் இரும்பு சுருங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

கோயிலில் என் முறை வந்தபோது குருவானவர் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றினார். சின்ன வயசுக்காரர், குருப்பட்டம் பெற்று வந்து அதிக நாளாகவில்லை. காலைத் துடைத்து முத்தமிடக் குனிந்தவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சோப்பு வாசன வருதுங்களே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது. என் முகம் அதில் இல்லை, கால் மட்டும். அதையே என் டிபியாக வைத்தேன். முகத்தைக்கூடக் காட்டாதவன் என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று.

சனிக்கிழமை சூளைக்குள்ளிருந்து தட்டு டிராலியை வெளியே இழுத்தோம். பாதிக்கு மேல் மயிரிழை விரிசல். முதலாளி வந்து பார்த்தார். மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து இந்த யூனிட்டை வாங்கியவர். எல்லோரும் பாய் என்போம். நல்ல மனிதர், பீங்கான் மட்டும் தெரியாது. என்னை நம்பித்தான் வாங்கினார். "சவரிண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். லோடிங் தப்பானால் பீங்கான் கோணும், ஒட்டிக்கொள்ளும், இப்படி மயிரிழை விடாது. இது எனக்குத் தெரியும், செல்விக்குத் தெரியும், பாய்க்குத் தெரியாது. "லோடிங்ல எதுனா சாஞ்சிருக்கும் பாய்" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். அரைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, கீழே 'தங்கள் தாழ்மையுள்ள' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். திங்கள்கிழமையிலிருந்து செல்வி வரவேண்டாம் என்று ஆயிற்று. மறுநாள் ஞாயிறு, ஈஸ்டர். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் உயிர்ப்புப் பாட்டை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

திங்கள்கிழமை செல்வி தன் சாப்பாட்டுத் தூக்கையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போக வந்தார். நான் சூளை முன்னால் நின்றேன். சத்தம் போடுவார், சாபம் விடுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுத்துக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். சாபத்தைப் பொறுத்துக்கொள்வதிலும் ஒரு புண்ணியம் உண்டே.

"டிபி பாத்தண்ணே" என்றார். "காலு பளபளன்னு இருக்குது."

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எங்க நெலம் சொரங்கத்துக்குப் போச்சு. போனா போவுது, கை இருக்குதுல்லன்னு வந்தேன். இப்ப நீங்க கையும் சரியில்லன்னு எழுதிட்டீங்க. காலையிலயே ரெண்டு யூனிட்டுல கேட்டுப் பாத்தேன். 'சவரி அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு'ங்கறாங்க. இனிமே நான் எங்கண்ணே போறது?"

அவர் அழவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போனார். என் நல்ல பெயர் என்ன செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நேராக பாயின் அறைக்குப் போனேன். இங்கே நான் செய்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்களும் செய்வீர்கள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "பாய், எல்லாத் தப்பும் என்னுதுதான். பொறுப்புல இருக்கறவன் நான். என்னைய எடுத்துக்குங்க, அந்தப் பொண்ண விட்ருங்க. நான் ஒரு பாவி" என்றேன். குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

பாய் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "சவரிண்ணே, நீங்க பெரிய மனுசன். ஒரு லேபர் பண்ணுன தப்ப ஒங்க தலையில போட்டுக்குறீங்களே! இந்தக் காலத்துல யாரு பண்ணுவா?" டீ கொண்டுவந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கப் பரவியது, கூலிக்காரி செய்த தப்பைச் சவரிமுத்து தான் சுமக்கிறான் என்று. நான் இன்னும் கொஞ்சம் உயர்ந்தேன், செல்வி இன்னும் கொஞ்சம் இறங்கினார். நான்தான் உண்மையைச் சொல்லிவிட்டேனே, பாய் நம்பாவிட்டால் நான் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி மறுநாள்வரை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, கோயிலுக்குப் போனேன். அதே சின்ன வயசுக் குருவானவர்.

"ஃபாதர், எனக்கு ஆங்காரம் அதிகம்."

"எல்லாருக்கும் இருக்குது. அது கொணம். செஞ்சது என்ன?"

பெரிய பாவம் ஒன்றைச் சொன்னால் சின்னதைக் கேட்கமாட்டார் என்றுதான் அதை முன்னால் வைத்தேன். அவர் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இத அப்படியே பாய்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"சொன்னேன் ஃபாதர். எல்லாம் என் தப்புன்னு பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொன்னா பாவங்கூட நல்லாத்தாங்க இருக்கும். கேக்குறவங்க நம்மளக் கும்புடுவாங்க. போயி மணியோட சொல்லுங்க. எத்தன மணிக்குத் தொறந்தீங்க, எதுக்குத் தொறந்தீங்கன்னு. தாழ்ச்சின்னா நம்மளக் கொறச்சுப் பேசறது இல்லைங்க, நடந்தத நடந்தபடி பேசறது."

என் மகன் வயது இருக்கும் அவருக்கு. அவர் பிரசங்கத்தைப் பற்றி வீட்டில் நான் சொன்ன கிண்டல்கள் எல்லாம் அப்போது ஞாபகம் வந்தன.

மறுநாள் சூளை மீட்டரின் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். சூடு இறங்கும் கோடு இரண்டு பத்துக்குச் சட்டென்று செங்குத்தாக விழுந்திருந்தது. "பாய், வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போவணும்னு வியாழக்கிழம ரெண்டு பத்துக்கே நான் கதவத் தொறந்தேன். ஃபேன் போட்டேன். செல்வி வேணாம்னு சொல்லிச்சு. விரிசல் விடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் போயிட்டேன். கோயில்ல ஃபாதர் என் காலக் கழுவுறாரு, அதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போயிக் குளிச்சுக் காலக் கழுவணும்னு போனேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும், அதில் கொஞ்சம் கம்பீரம் உண்டு. பாய் தாளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"லீவு கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனாண்ணே? நோன்பு நாள்ல நானே நாலு மணிக்கெல்லாம் வூட்டுக்குப் போயிடுறன். நீங்க எதுக்குக் கேக்கல?"

லீவு கேட்காதவன் என்ற பெயர் ஒன்றுக்காகத்தான் எல்லாம். சாவியைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மறுநாளிலிருந்து லோடிங்கில் நிற்கச் சொன்னார். வேலையைவிட்டு அனுப்பாததற்கு நன்றி சொல்லப் போனேன், "அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துட்டுப் பேசுங்க" என்றார்.

செல்வி வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. "நம்ம யூனிட்டுல மட்டும் சொன்னா பத்தாதுண்ணே. எங்கெங்க என் பேரு போச்சோ அங்கெல்லாம் போயி சொல்லிட்டு வாங்க. அப்பறம் நான் வரேன்" என்றார்.

ஷெட் ஷெட்டாகப் போனேன். முதல் இரண்டு இடத்தில் நாக்கு புரளவில்லை. மூன்றாவது இடத்தில் நன்றாகவே சொன்னேன், இடையிடையே நிறுத்தி, கண்ணைத் துடைத்து. "எத்தன பேரு இப்படி வந்து சொல்லுவாங்க!" என்று ஒருவர் கையைப் பிடித்தார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அடப்பாவி, மறுபடியும் டீ வரிசையில் கடைசியில் போய் நின்றுவிட்டாயே என்று எனக்கே உறைத்தது. நான்காவது இடத்திலிருந்து சுருக்கிக்கொண்டேன். ரெண்டு பத்துக்கு நான் கதவத் தொறந்தேன், செல்வி லோடிங்ல தப்பில்ல, வரேன். அவ்வளவுதான். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

செல்வி வந்தார். கொஞ்ச நாளில் சாவியும் அவர் கைக்குப் போனது. நான் அவருக்குக் கீழே தட்டில் பீங்கான் அடுக்கினேன். "விரல் எடம் விடுங்கண்ணே" என்று எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன் என்று அவரே சொல்வார். கதவைத் திறக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான். என்னைப் பார்த்துக் கேட்கமாட்டார், பொதுவாகத்தான் கேட்பார். எல்லோருக்கும் புரியும்.

நீங்கள் விருது வாங்கினால் 'பணிவோடு ஏற்கிறேன்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள். நான் சொல்லித் திருந்தப்போவதில்லை, நானே பாதிதான் திருந்தியிருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் என் குறையை ரசித்து எழுதியிருக்கும் இடங்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அவர் கேட்கும்போது போக வேண்டியிருந்தால், போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடப் பெரிய வியாழன். அன்றும் சூளை ஆறிக்கொண்டிருந்தது, அன்றும் லாரிக்காரன் போன் போட்டுக்கொண்டே இருந்தான். செல்வி எங்கள் எல்லோரையும் நிறுத்தினார். "யாருக்காச்சும் எங்கயாச்சும் போவணுமா?"

"எனக்குப் போவணும்மா" என்றேன். "சாயங்காலம் பூச. நாளைக்கும் கோயில் இருக்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி மீட்டரைப் பார்த்தார். நூற்றெண்பது.

"இந்த வருசம் லிஸ்ட்ல பேரு இருக்குதாண்ணே?"

"இல்லம்மா."

"காலக் கழுவிட்டுப் போறீங்களா?"

"வேணாம். இப்படியே போறேன்."

"போயிட்டு வாங்க. கதவு நீங்க வந்தப்பறம் தொறந்துக்கலாம். லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பொடி படிந்த காலோடு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை காலை வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்கு நேராக, என் பெயருக்கு எதிரே, செல்வியின் கையெழுத்தில் 'லீவு' என்று இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் பெயருக்கு எதிரே விழுந்த முதல் லீவு அது. சூளை முன்னால் எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கதவு இன்னும் திறக்கப்படவில்லை.